அடங்காத புள்ளி

பல் டாக்டரம்மாவுக்கு மொட்டைமாடியிலிருந்து நட்சத்திரங்களை ஃபிலிம் கேமராவில் எடுக்கும் பைத்தியம். ஃபோகஸ் வளையத்தை வெகுதூரத்துக்கான கடைசிக் குறிவரை திருப்பி, அசையாமல் டேப் ஒட்டிவிட்டுத்தான் எடுப்பாள். குளியலறையில் கழுவிப் பார்த்தால் எல்லா நட்சத்திரமும் ஊசிமுனையாக இருக்கும். ஒன்று மட்டும் ஊறிய மை மாதிரி மசமசவென்று பரவிக் கிடக்கும்.

"லென்ஸ்ல ஒரு குறையும் இல்லம்மா," என்று ரிப்பேர்காரர் கையை விரித்துவிட்டார்.

வீம்புக்கு, படத்துக்குப் படம் வளையத்தைப் பின்னால் திருப்பி எடுத்தாள். பதினைந்து மீட்டரில், அதாவது எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி தூரத்தில், மற்றதெல்லாம் கலங்கி அது மட்டும் தெளிந்தது. அடுத்த ரோலில் ஐந்து மீட்டரில் தெளிந்தது, கைப்பிடிச் சுவர் தூரம். அதற்கடுத்ததில் ஒரே மீட்டர்.

"நட்சத்திரத்துக்கு ஒரு மீட்டரா? எவன்டி செஞ்சான் இந்த லென்ஸை!"

"பக்கத்துல வந்துட்டு இருக்கு போலக்கா," என்று தங்கை சிரித்தாள்.

"எரியிற தீயில எண்ணெய ஊத்தாத."

நேற்று எடுத்த ரோலைக் காலையில் ஜன்னலோரம் பிடித்துப் பார்த்தாள். எந்தப் படத்திலும் அது இல்லை. இத்தனை நாள் உயிரை வாங்கியது இப்போது இல்லவே இல்லை.

"போய்த் தொலையட்டும்!" ஃபிலிமை வீசிவிட்டு, கண்ணைக் கசக்கக் கண்ணாடியைக் கழற்றினாள்.

கண்ணாடி இல்லாவிட்டால் அவளுக்கு எதுவும் துலங்காது. தங்கையின் முகம் கலங்கியது. கதவும் சுவரும் கலங்கின. நடுவில் ஒரு வெளிச்சப் புள்ளி மட்டும் ஊசிமுனையாக நின்றது.

கண்களை இறுக்கி மூடினாள். அப்போதும் அது கலங்கவில்லை.