பதினேழாம் கொக்கி

பல்கலைக்கழக அரங்கில் குளிர்கால நிகழ்ச்சிகள் நடக்கும்போது, வருபவர்களின் கோட்டுகளை வாங்கி மாட்டி வைப்பது என் வேலை. புதன்கிழமை நாடகம் முடிந்து எல்லோரும் போய்விட்டார்கள். கொடுத்த டோக்கன்கள் அத்தனையும் திரும்பி வந்துவிட்டன. ஆனாலும் பதினேழாம் கொக்கியில் ஒரு கோட்டு மிச்சம் இருந்தது.

என் மகளின் பச்சைக் கோட்டு. அதன் இரண்டாம் பட்டன் மட்டும் சிவப்பு நூலில் தைக்கப்பட்டிருந்தது.

வீட்டுக்கு ஃபோன் செய்தேன். "என் கோட்டா? இங்கதாம்மா இருக்கு. பட்டனெல்லாம் பச்சை நூல்தான். ஏன் கேக்கறே?" என்றாள்.

அன்றே வீட்டிலிருந்த சிவப்பு நூல்கண்டைக் குப்பையில் போட்டேன். சனிக்கிழமை இதே அரங்கில் அவள் பாட வேண்டும். "காய்ச்சல்னு சொல்லிடேன்டி" என்று கெஞ்சினேன்.

"போம்மா, மூணு மாசமா பாடிப் பழகியிருக்கேன்."

சனிக்கிழமை அரங்கு நிரம்பிவிட்டது. கடைசி ஆளாக மூச்சிரைக்க ஓடி வந்தாள். "பஸ்ல பட்டன் அறுந்துடுச்சும்மா. பக்கத்துல இருந்த அம்மா நூல் வச்சிருந்தாங்க, அவங்களே தச்சுக் குடுத்தாங்க" என்று கோட்டைக் கழற்றி என் கையில் திணித்துவிட்டு மேடைப் பக்கம் ஓடினாள்.

சிவப்பு நூல்.

திரும்பிப் பார்த்தேன். காலையில்கூட அந்தப் புதன்கிழமைக் கோட்டு தொங்கிக்கொண்டிருந்த பதினேழாம் கொக்கி மட்டும்தான் காலியாக இருந்தது.