இடப்பக்க விளக்கு

"முதல்ல இந்தக் காரை மேசையிலிருந்து தூக்குங்க. பார்க்கப் பார்க்க எனக்கு ரத்தம் கொதிக்குது!"

அட்டர்னி மக்கராயெக் போட்ட சத்தத்தில், மரிக்கினா நகரின் அந்த மாலில் ஐஸ்கிரீமுக்கு வரிசையில் நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கையில் சின்ன டார்ச்சும், பல் டாக்டர் வாய்க்குள் விடுகிற கண்ணாடியும் இருந்தன. அவற்றை வைத்துக்கொண்டு உள்ளங்கை நீள பிளாஸ்டிக் கார்களின் அடிவயிற்றைச் சோதிப்பதுதான் பல வருஷமாக அவர் செய்துவரும் பொதுத்தொண்டு.

மாடல் கார் சங்கத்தின் தலைமை நடுவர். வக்கீல் என்பதால் 'அட்டர்னி' என்று கூப்பிட்டால்தான் திரும்புவார். ஒருவர் தன் சொந்த டாக்சியை அச்சு அசலாகச் செய்து எடுத்துவந்தபோது, அந்த டாக்சியே தப்பு என்று மார்க்கைக் குறைத்த மகான்.

வருஷா வருஷம் தன்னுடைய பழைய கார்களில் ஒன்றை மால் வாசலை மறித்து நிறுத்திவிட்டுத்தான் உள்ளே வருவார். இந்த வருஷம் ஊர் ஜனம் நெருக்கியடித்துப் போகும் ஜீப்னி வண்டியில் வியர்க்க வியர்க்க வந்து இறங்கினார். மனுஷனுக்குப் பணிவு வந்துவிட்டது என்று சங்கத்தார் புல்லரித்துப் போயிருந்தார்கள். அந்தப் புல்லரிப்பு இப்போதுதான் அடங்கியது.

"எதுக்குத் தூக்கணும்? அடிபட்ட காரை வைக்கக் கூடாதுன்னு எந்த விதியில இருக்கு?"

இடுப்பில் கைவைத்துக் கேட்டவள் ஜோவெலின். நகங்களுக்குப் பூ வரையும் கடையில் வேலை பார்ப்பவள். மேசையில் இருந்த கார் அவள் செய்தது. முகப்பு நசுங்கி, விளக்குகள் உடைந்து, சேறு தெறித்து, தொட்டால் கையில் ஒட்டிக்கொள்ளும் போலிருந்தது.

முன்னால் ஓர் அட்டை: 'மழையில் என் தம்பி ரூவெலின் மீன் உருண்டை பொரிக்கும் தள்ளுவண்டியை இடித்துவிட்டு நிற்காமல் போன கார். இப்படித்தான் இருந்திருக்கும். பார்த்தவர்கள் சொல்லுங்கள்.'

ரூவெல் இடுப்பெலும்பு நொறுங்கி வீட்டில் கிடந்தான். பின்னாலிருந்து வந்த இடி. அவன் பார்த்ததெல்லாம் மழைக்குள் மறைந்த இரண்டு வட்டச் சிவப்பு விளக்குகள். மிச்சத்தை அக்காக்காரி தானாக யூகித்து நசுக்கி, வளைத்து, வண்ணம் பூசியிருந்தாள்.

முதல் பரிசு பெறும் காரை மால் வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு மாதம் வைப்பார்கள். ஊரே நுழைகிற வாசல். யாராவது ஒருவர் பார்த்து, 'இது நம்ம தெருவில் நின்ற வண்டி போலிருக்கிறதே' என்று சொல்லமாட்டாரா? அவளுக்குக் கோப்பை வேண்டாம், அந்தப் பெட்டிதான் வேண்டும்.

"இது கண்காட்சியா, இல்ல காணாமப் போனவங்க நோட்டீஸ் ஒட்டுற சுவரா?" என்றார் அட்டர்னி. "நகத்துக்குப் பூசற கைக்கெல்லாம் இங்கே என்னம்மா வேலை?"

"நகத்துல ஒரு தூசி விழுந்தாக்கூட அழிச்சுட்டு மறுபடி பூசணும் அட்டர்னி. உங்களை மாதிரி டார்ச் அடிச்சுட்டுப் போயிட முடியாது."

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அட்டர்னியின் காது மடல் சிவந்தது.

சங்கச் செயலாளர் பென்ஜி குறுக்கே வந்தார். "விடுங்க அட்டர்னி. மத்த ரெண்டு நடுவரும் இதுக்குத்தான் முதல் பரிசுன்னுட்டாங்க. பாவம், வீட்டுல பையன் படுத்த படுக்கையா கெடக்கான்."

"பாவத்துக்கெல்லாம் மார்க் கிடையாது பென்ஜி. துல்லியத்துக்குத்தான் மார்க்! இந்தத் தப்பும் தவறுமான கார் வாசல்ல நின்னா, நாளைக்கு எவன் நம்ம சங்கத்தை மதிப்பான்?"

"என்ன தப்பு?" ஜோவெலினின் குரல் உயர்ந்தது. "அப்போ பிடிச்சுக் கத்துறீங்களே, ஒரே ஒரு தப்பைச் சொல்லுங்க பார்ப்போம். புத்தகத்துல படம் பார்த்ததைத் தவிர, அடிபட்ட காரை உங்க ஆயுசுல பார்த்திருக்கீங்களா?"

தலைமை நடுவரைப் பார்த்து யாரும் அதுவரை இப்படிக் கேட்டதில்லை. அட்டர்னி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு குனிந்தார். டார்ச் எரிந்தது.

"கேக்கறியா? கேட்டுக்கோ. விளக்கு ரெண்டையும் உடைச்சு வெச்சிருக்கே. உடைஞ்சது வலப்பக்கம் மட்டும்தான். இடப்பக்க விளக்குல ஒரு கீறல்கூடக் கிடையாது. வைப்பர் ரெண்டும் நேரா நிக்குது. ஒண்ணு வில்லு மாதிரி வளைஞ்சிருந்தது. தள்ளுவண்டியோட குடைக்கம்பி கிரில்லுல குத்திக்கிட்டு, தேவாலயம் வரைக்கும் கூடவே இழுபட்டு வந்தது. அது எங்கே? கொதிக்கிற எண்ணெய் கொட்டி பானெட் பூரா பெயிண்ட் கொப்புளம் கொப்புளமா எழும்பியிருந்ததே, அது எங்கேம்மா, எங்கே? அரைகுறையாப் பண்ணிட்டு வந்து முதல் பரிசாம்!"

டார்ச்சை அணைத்துவிட்டு, கட்சிக்காரனைக் காப்பாற்றிய வக்கீல் போல நிமிர்ந்தார். கைதட்டலை எதிர்பார்த்தாரோ என்னவோ, சுற்றிலும் பார்த்தார்.

யாரும் தட்டவில்லை. பென்ஜி மெல்ல நகர்ந்து அவருக்கும் வாசலுக்கும் நடுவில் போய் நின்றுகொண்டார்.

ஜோவெலின் போனை எடுத்தாள். ஒரு நகத்தில் ஐந்து பூ வரைகிற விரல் வீட்டு எண்ணை அழுத்தியது.

"தம்பி, கார் கெடைச்சிருச்சுடா."