எழில்மதியின் ஏழாவது கடிதம்

"இன்னாம்மா, டிவில நியூஸ் படிக்கறவங்க கணக்கா பேசிக்கினு இருக்கற? நீ இன்னா கேக்கறன்னே புரியலையே!"

சாலம்மாள் இப்படிச் சொன்னதும் தையல் வரிசையில் உட்கார்ந்திருந்த அத்தனை பெண்களும் சிரித்தார்கள். எழில்மதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவள் சொந்தப் பெயர் லீ யூன். வயது இருபத்து நான்கு. பெய்ஜிங்கில் ஒரு பல்கலைக்கழகத்தில் தமிழ் படித்தபோது ஆசிரியர் வைத்த பெயர்தான் எழில்மதி. நான்கு வருடம் படித்து, வகுப்பில் முதலாவதாகத் தேறி, கள்ளக்குறிச்சிக்கு வெளியே இருக்கும் ஷூ கம்பெனிக்கு மொழிபெயர்ப்பாளராக வந்து ஏழு மாதம் ஆகிறது. சீன மேலாளர் சொல்வதைத் தமிழில் சொல்ல வேண்டும், பெண்கள் சொல்வதைச் சீன மொழியில் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை. அதுதான் முடியவில்லை.

"நான் கேட்டது இதுதான், அம்மா. இன்று கூடுதலாக இரண்டு மணி நேரம் பணிபுரிய உங்களுக்கு இயலுமா?"

"ஓ.டி.யா? அப்டிக் கேளேன்! சோறு துன்ட்டு அப்பால பாக்கலாம்."

பக்கத்திலேயே மேலாளர் நின்றிருந்தார். "என்ன சொல்கிறாள்?"

எழில்மதி யோசித்தாள். பார்க்கலாம், தெரியும். அப்பால் என்றால் தொலைவு, வேறிடம். பாடத்தில் படித்திருக்கிறாள்.

"சாப்பிட்டுவிட்டு வேறு இடம் பார்த்துக்கொள்வார்களாம்" என்று சீன மொழியில் சொன்னாள்.

மேலாளர் முகம் மாறியது. போன மாதம்தான் பன்னிரண்டு பேர் சொல்லாமல் கொள்ளாமல் வேறு கம்பெனிக்குப் போயிருந்தார்கள்.

"அப்படியா? இவள் நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்."

சொன்னாள். "அம்மா, நாளை முதல் தாங்கள் பணிக்கு வர வேண்டியதில்லை."

அது மட்டும் சாலம்மாளுக்கு நன்றாகப் புரிந்தது. சிரிப்பு நின்றது. "நான் இன்னாம்மா தப்பு பண்ணேன்? ரெண்டு பொண்ணு படிச்சிக்கினு இருக்குதும்மா..."

பக்கத்து மெஷினிலிருந்து பச்சையம்மாள் எழுந்து வந்துவிட்டாள். "நீ அந்தாள்கிட்ட இன்னா சொன்ன? அப்பாலன்னா பின்னாடிம்மா!"

"பின்னாடி என்றால் முதுகுப்புறம்தானே?"

"ஐயோ, கடவுளே! பொறவும்மா! சாப்ட்டதுக்குப் பொறவு!"

எழில்மதி மேலாளர் அறைக்கு ஓடினாள். பிழை தன்னுடையது என்று அவருக்குப் புரியவைக்க ஒரு மணி நேரம் ஆனது. "ஒரு வரியைக்கூட ஒழுங்காகச் சொல்லத் தெரியாத உனக்கு எதற்கு இந்த வேலை?" என்று அவர் கத்தினார். சாலம்மாளின் வேலை தப்பியது.

சாலம்மாள் கோபித்துக்கொள்ளவில்லை. "வுடும்மா, நீ இன்னா பண்ணுவ, பாவம்" என்று தோளைத் தட்டிவிட்டுக் களமருதூர்ப் பக்கம் போகும் கம்பெனி பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள். அதுதான் எழில்மதிக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

அறைக்கு வந்ததும் பேனாவை எடுத்தாள். மாதம் ஒரு கடிதம், கையால், தமிழில் எழுத வேண்டும் என்பது ஆசிரியர் உத்தரவு. ஆறு கடிதம் எழுதிவிட்டாள். ஆறிலும் புலம்பல். அவரிடமிருந்து வந்த பதில் ஆறு முறையும் ஒரே வரிதான்: "பொறுமையாகக் காது கொடுத்துக் கேள்."

இந்தத் தடவை பொறுமை இல்லை.

"மதிப்பிற்குரிய தமிழழகன் ஐயா,

தாங்கள் கற்பித்த தமிழை இங்கே ஒருவரும் பேசுவதில்லை. வகுப்பில் 'போறேன்' என்று ஒரே ஒரு முறை சொன்னதற்காக என்னை நிற்க வைத்தீர்கள். இங்கே வந்து பாருங்கள்! சென்னையிலும் எனக்கு வேலை கிடைத்தது. கள்ளக்குறிச்சிக்கே போ என்று பிடிவாதம் பிடித்தவர் தாங்கள்தான். இன்று தங்கள் தமிழால் ஓர் ஏழை அம்மாவின் வேலை போக இருந்தது. இவர்களிலேயே களமருதூர்ப் பெண்கள்தான் மிக மோசம். எப்படிப் பேசுகிறார்கள் என்று தாங்களே படித்துப் பாருங்கள்."

அடுத்த பக்கம் முழுக்க அந்தப் பெண்கள் பேசியதை நினைவிலிருந்து எழுதினாள். "அடுத்த மாதக் கடைசியில் நான் ஊருக்குத் திரும்புகிறேன்" என்று முடித்து, மறுநாளே தபாலில் சேர்த்தாள்.

மூன்று வாரம் கழித்து, சாப்பாட்டு நேரத்தில் உறை வந்தது. பிரித்தால் பதில் கடிதம் இல்லை. அவள் கடிதமே திரும்பி வந்திருந்தது, சிவப்பு மை திருத்தங்களோடு.

"இத்தனை சொல்லியும் மனிதருக்குத் திருத்தம்தான் முக்கியம்!" என்று பல்லைக் கடித்தாள்.

ஆனால் முதல் பக்கத்தில் ஒரு கோடுகூட இல்லை. களமருதூர்ப் பெண்களின் பேச்சை எழுதிய பக்கம்தான் சிவந்து கிடந்தது. 'துன்றுவிட்டு' என்பதை அடித்து 'துன்ட்டு' என்று எழுதியிருந்தார். 'பேசிக்கொணு' என்பதை அடித்து 'பேசிக்கினு'. இப்படிப் பதினொரு இடம்.

அடியில், எப்போதும் எழுதும் அதே மணிமணியான கையெழுத்தில் இருந்தது:

"ஒழுங்கா கேட்டு எழுதும்மா. இந்தப் பேச்ச வகுப்புல பேச எனக்கு வெக்கமா இருந்துச்சு, அதான் உன்ன எங்க வூட்டாண்டயே அனுப்பி வெச்சேன்."