சூடேறுது, தண்ணி விடுங்க

அறுவை சிகிச்சையில் எலும்பை அரைக்கும் எங்கள் கருவி, கை அழுத்தினாலோ எலும்பு சூடானாலோ வாய் திறந்து சொல்லிவிடும். யார் குரலுக்கு என் கை உடனே அடங்குகிறது என்று அதுவே சோதித்துப் பார்த்து, என் மனைவி பூங்கோதையின் குரலை எடுத்துக்கொண்டது. வீட்டில் நான் மாவரைக்கும்போது அவள் சொல்வதையேதான் இதுவும் சொல்லும். பெரிய டாக்டரான என்னை, ஆபரேஷன் தியேட்டரில் எல்லோர் முன்னாலும் அதட்டும்.

இன்று மேஜையில் பூங்கோதையே படுத்திருந்தாள். முழங்காலில் எலும்பு முள்போல் வளர்ந்திருந்தது. இடுப்புக்குக் கீழே மரத்திருந்தாலும் நினைவு இருந்தது. "ரோபோ வேண்டாம், நீங்களே பண்ணுங்க" என்று பிடிவாதம் பிடித்தவள், இப்போது பயத்தில் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பதற்றத்தில் கருவியை அழுத்திவிட்டேன்.

"அழுத்தாதீங்க. சூடேறுது, தண்ணி விடுங்க," என்றது கருவி. இன்னொரு தடவை அழுத்தினால் அது பூட்டிக்கொண்டு, மீதி வேலையை ரோபோவிடம் கொடுத்துவிடும்.

திரைக்கு அப்பாலிருந்து பூங்கோதை கேட்டாள்: "அது நானாங்க? வீட்டுல இப்படியா அதட்டுறேன்?"

"இல்லம்மா. இதுல கொஞ்சம் சாந்தமாக்கி வச்சிருக்காங்க."

நர்ஸ் ஸ்டெல்லா முகமூடிக்குள் இருமினார். பூங்கோதை சிரித்துவிட்டாள்.

"சரி, அரைங்க. நீங்க நல்லாத்தான் அரைப்பீங்க."

இத்தனை வருட இட்லி மாவில் கேட்காத வார்த்தை. என் பதற்றம் போனது. பூவைத் தொடுவதுபோல் அரைத்தேன்.

"இப்படித் தடவிக்கிட்டே இருந்தா எப்பங்க முடியும்?" என்றது கருவி.

"சத்தியமா இது நான் இல்லைங்க," என்றாள் பூங்கோதை.