இம்மிக்கு ஓர் எடுத்துக்காட்டு

அந்தச் சீட்டில் புத்தகத்தின் பெயர் இல்லை.

அவள் தட்டச்சு செய்வதை நிறுத்தினாள்.

அகராதி வேலையில் ஒரு சொல்லுக்கு ஒரு சீட்டு. மேலே சொல், கீழே பொருள், பிறகு ஓர் எடுத்துக்காட்டு வாக்கியம், கடைசியில் அது எந்தப் புத்தகம், எந்தப் பக்கம். எழுதுவது கணவர். கணினியில் ஏற்றுவது அவள். பதினொரு வருடக் கல்யாணத்தில் ஆறு வருடம் இப்படித்தான் ஓடியது.

புத்தகத்தில் வாக்கியம் அகப்படாவிட்டால் அவரே ஒன்று எழுதிவிடுவார். அப்போது கடைசி வரி காலியாக இருக்கும்.

சொல்: இம்மி.

பொருளெல்லாம் பிரமாதமாகத்தான் எழுதியிருந்தார். ஒன்றை முந்நூற்றிருபது கூறு போட்டால் ஒரு கூறு முந்திரி. முந்திரியை மறுபடி முந்நூற்றிருபது கூறு போட்டால் கீழ்முந்திரி. அதையும் விடாமல் இருபத்தொரு கூறு போட்டால் ஒரு கூறு இம்மி.

இத்தனை சின்னதுக்கும் பேர் வைத்தவர்கள் ஒருத்தரை ஒருத்தர் நம்பியே இருக்க மாட்டார்கள்.

எடுத்துக்காட்டு: அவளிடம் அவனுக்கு இம்மியளவும் பிரியம் இல்லை.

எந்த அவள்?

எதிர் மேசையில் அவர் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, இம்மிக்குப் புத்தகம் போடலையே?"

"புத்தகம் இல்ல மங்கை. நானா எழுதுனதுதான். அப்படியே ஏத்து."

நிமிரக்கூட இல்லை.

அவள் பழைய கட்டைப் பிரித்தாள். கடைசி வரி காலியாக இருந்த சீட்டுகளை மட்டும் உருவினாள்.

இஞ்சி: மோரில் இஞ்சி தட்டிப்போட மறந்துவிட்டாள்.

இடியாப்பம்: இடியாப்பம் ஆறிவிட்டது.

இடுப்பு: இடுப்பு வலியால் அவள் மாடி ஏறுவதில்லை.

இஞ்சியை மறந்தது அவள்தான். இடியாப்பம் ஆறியது போன செவ்வாய்க்கிழமை. இடுப்பு அவளுடையது. மனுஷர் தானாக எழுதியதில் ஒரு வரிகூடக் கற்பனை இல்லை.

இம்மிச் சீட்டை மறுபடி கையில் எடுத்தாள்.

சும்மா ஒரு வாக்கியம்தானே என்று சொல்லிப் பார்த்தாள். மனசு கேட்கவில்லை.

சீட்டை அப்படியே ஏற்றினாள். காலியாக இருந்த கடைசி வரியில் அவளாக இரண்டு சொல் சேர்த்தாள்.

நூல்: இந்த வீடு.

அச்செடுத்து அவர் முன்னால் வைத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

அவர் வரி வரியாக விரல் வைத்துப் படிக்கிறவர். ஒரு காற்புள்ளி இடம் மாறியிருந்தாலும் சிவப்பு மையால் அடித்துவிட்டுத்தான் மறுவேலை.

விரல் இறங்கியது. பொருளைத் தாண்டியது. எடுத்துக்காட்டைத் தாண்டியது.

கடைசி வரியில் நின்றது.

அடித்துவிடுங்கள் என்று அவளுக்குள் ஒருத்தி கெஞ்சினாள். திட்டுங்கள். பைத்தியமா உனக்கு என்று கேளுங்கள்.

அவர் சிவப்புப் பேனாவைத் திறந்தார்.

ஓரத்தில் 'சரி' என்று எழுதி, கையெழுத்துப் போட்டார்.