மான்கொம்புச் சாவி

மாமியார் மேவிஸின் சமையலறையில் போன வருஷ வேட்டையில் கிடைத்து உறையவைத்திருந்த மான் கறி வெந்துகொண்டிருக்கிறது. ஜன்னல் வழியே வரும் மாலை வெயில், சுவரில் சாவிகள் தொங்கும் பலகைமேல் விழுகிறது. கொரீன் தட்டுகளைத் துடைத்தபடி அதையே பார்க்கிறாள். அவள் கணவன் வேட் அவளை அடித்தது நிரூபணமாகித் தீர்ப்பு வந்ததும், அவன் சிப்பாயாக இருக்கும் ராணுவ முகாமில் அவனிடமிருந்து துப்பாக்கியை வாங்கிக்கொண்டார்கள். வீட்டிலும் வைத்திருக்கக் கூடாதாம். அதனால் அவனுடைய வேட்டைத் துப்பாக்கிகள் இப்போது இங்கே, அம்மாவின் அலமாரியில் இருக்கின்றன. மான்கொம்புத் துண்டு கோத்த அதன் சாவி மற்றச் சாவிகளோடு தொங்குகிறது. “அத்த, அந்தச் சாவிய மட்டும் வேற எங்கயாவது வைங்களேன்.” “எம்புள்ள என்ன திருடனாடி? துப்பாக்கி பிடிச்ச கையில தொடப்பத்தக் குடுத்துட்டானுங்க முகாம்ல. இன்னும் என்ன வேணும் உனக்கு?” கொரீனின் துணி, ஏற்கெனவே காய்ந்துவிட்ட தட்டையே சுற்றிச் சுற்றித் துடைக்கிறது. வாசலில் வண்டி வந்து நிற்கிறது. வேட் உள்ளே வந்து அம்மாவின் கன்னத்தில் முத்தமிடுகிறான். கொரீனைப் பார்க்காமலே தன் வண்டிச் சாவியைப் பக்கத்துக் கொக்கியில் மாட்டுகிறான். இடிபட்டு மான்கொம்பு ஆடுகிறது. அதை ஒற்றை விரலால், மிக மெதுவாக, தொட்டு நிறுத்துகிறான்.