மேல் தட்டுப் புத்தகம்

"என் சர்டிபிகேட்டைக் கொடுங்க சார்."

கேட்டே விட்டாள். கேட்கக் கூடாத ஒன்று அதுதான். 'லீவு கேளு, முன்பணம் கேளு, மூணு வருஷம் முடியிற வரைக்கும் சர்டிபிகேட்டை மட்டும் கேட்காதே' என்று சேர்ந்த அன்றைக்கே முதலாளி விரலை ஆட்டிச் சொல்லியிருந்தார். அந்தப் புத்தகக் கடையில் வேலைக்கு வருகிற எல்லோருடைய அசல் பட்டமும் அவருடைய மேஜை இழுப்பறைக்குள் போய்விடும். கயிறு கையில் இருந்தால் மாடு எங்கே போய்விடும் என்பது அவர் சித்தாந்தம்.

முதலாளி மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "என்ன பட்டதாரி, திடீர்னு?"

"திங்கட்கிழமை நூலகத்துல வேலைக்குக் கூப்பிட்டிருக்காங்க. அசல் இல்லாம உள்ளேயே விட மாட்டாங்க."

"அப்ப இங்க யாரு நிப்பா? வர்றவன் எல்லாம், 'அந்தப் பொண்ணு எங்க, அது எடுத்துக் கொடுத்தாத்தான் சரியா இருக்கும்'னு கேக்குறான். வளர்த்து விட்டா மார்ல பாயுறியா?" அவர் குரல் இறங்கியது. இறங்கினால்தான் ஆபத்து. "உங்க வீட்டுல உனக்கு முன்னாடி யாராவது காலேஜ் வாசலை மிதிச்சிருக்காங்களா?"

"மிதிச்சிருக்காங்க சார். எங்கம்மா பதினாறு வருஷம் அந்த வாசலைப் பெருக்கினாங்க."

முதலாளி சிரித்தார். சாவியைத் திருகி இழுப்பறையைத் திறந்து, அவள் பெயர் எழுதிய காக்கி உறையை எடுத்தார். குழந்தைக்கு மிட்டாய் காட்டுவதுபோலச் சான்றிதழைப் பாதி வெளியே இழுத்துக் காட்டிவிட்டு, மறுபடி உள்ளே தள்ளினார்.

"பாரு, ஒரு மடிப்பு விழலை. உங்க வீட்டுல இருந்தா இந்நேரம் கரையான் தின்னிருக்கும். இன்னும் பதினாலு மாசம். அப்புறம் நீ எந்த நூலகத்துக்கு வேணா போ."

கதவு மணி அடித்தது. குடையை மடக்கியபடி ஒரு பெண்மணி உள்ளே வந்தாள். முதலாளி உறையை மேஜையிலேயே போட்டார். "போ, கவனி. மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காதே."

"என்ன மாதிரி புத்தகம் வேணும்?" என்றாள் அவள்.

"பொண்ணுக்குக் கொடுக்கணும்மா. நல்லா படிக்கிற பொண்ணு." குடைக்காரம்மா அடுக்குகளை மேலும் கீழும் பார்த்தாள். "பெருசா இருக்கட்டும்."

"கதையா, வரலாறா?"

"பிரிச்சா மடி நிறையணும். மத்தபடி நீ எது சொன்னாலும் சரி."

முதலாளி சிரிப்பை இருமலாக்கி விழுங்கினார். அவள் சிரிக்கவில்லை. "மேல் தட்டுல உலக வரைபடப் புத்தகம் ஒண்ணு இருக்கு. இந்தக் கடையிலேயே அகலமானது அதுதான். அவங்களுக்குக் கண்டிப்பாப் பிடிக்கும்."

மேல் தட்டு என்றால் முதலாளிதான் ஏற வேண்டும். யாரோ ஒருமுறை கை தவறிப் போட்டு ஒரு புத்தகத்தின் முதுகு முறிந்ததிலிருந்து, வேலையாட்களுக்கு ஏணி கிடையாது. நாலு வருஷமாகத் தூசி தின்ற புத்தகத்துக்கு ஆள் கிடைத்த சந்தோஷத்தில் அவர் வேட்டைக்குப் போகிறவர்போல ஏறினார். எடுத்து அவளிடம் இறக்கிக் கொடுத்தார். அவள் மேஜைக்குக் கொண்டுபோய் விரித்தாள். மேஜையே மறைந்தது.

"அதுக்குப் பக்கத்துல சிவப்பா ஒண்ணு இருக்கே சார்," என்றாள் குடைக்காரம்மா ஏணியைப் பார்த்து. "அது என்னது?"

"அது பறவைகள்மா."

"அதுக்கும் அந்தப் பக்கம்?"

முதலாளி அலமாரிப் பக்கம் திரும்பிக் கழுத்தை நீட்டி ஒவ்வொரு தலைப்பாகப் படித்துச் சொன்னார். ஆறு தலைப்புகளைக் கேட்டபின் குடைக்காரம்மா, "வேண்டாம், இந்தப் பொண்ணு எடுத்த புத்தகமே இருக்கட்டும்," என்றாள்.

வியர்வையோடு இறங்கி வந்த முதலாளி, மூடியிருந்த புத்தகத்தைத் தன் கையாலேயே பழுப்புத் தாளில் சுற்றி, சணல் கயிறு போட்டு இறுக்கிக் கட்டிக் கொடுத்தார். குடைக்காரம்மா போனதும் காக்கி உறையை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் வைத்துத் தட்டிக்கொண்டார்.

"பாத்தியா, உன் வாய்க்கு இங்கதான் மவுசு."

"நான் கிளம்புறேன் சார். வேலையை விட்டுட்டேன்."

முதலாளியின் முகம் சுருங்கியது. "பட்டம் இல்லாமயா? நூலகத்துல போய் என்னத்தைக் காட்டுவ, பல்லையா? ராஜினாமாக் கடிதம் எங்க?"

"உங்ககிட்டதான் இருக்கு. நிதானமாப் பாருங்க."

"திமிரு. பையைக் கொட்டு."

வெளியே போகும் வேலையாட்கள் பையைக் கொட்டிக் காட்டுவது அந்தக் கடையின் வழக்கம். போன வருஷம் ஒருத்தன் பையில் பில் இல்லாத ஒரு சின்னப் புத்தகம் கிடைத்ததற்கே அவர் போலீஸைக் கூப்பிட்டிருந்தார். அவள் கொட்டினாள். சாப்பாட்டு டப்பா, சீப்பு, பேருந்துப் பாஸ். டப்பாவைக்கூடத் திறந்து முகர்ந்து பார்த்தார்.

"போ. திங்கட்கிழமை சாயங்காலம் இதே வாசல்ல வந்து நிப்ப."

அவள் எல்லாவற்றையும் அள்ளிப் போட்டுக்கொண்டு நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. கதவு மணி அடித்து ஓய்ந்தது. தெரு முனை தாண்டியதும்தான் மூச்சு வந்தது.

பேருந்து நிறுத்தத்தில் குடைக்காரம்மா பழுப்புக் கட்டை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"உன் சர்டிபிகேட்டை எந்தப் பக்கத்துலடி வச்ச?" என்றாள் அம்மா. "எனக்கு எல்லாப் பக்கமும் ஒண்ணுதான்."